ஏழாம் பெட்டைப் பற்றி ஆயாம்மா சொன்னது

வார்டுகளில் டியூட்டி பார்க்கும் என் சிஸ்டர்களுக்கு,

நைட் முடித்து, ஹேண்டிங் ஓவர் கொடுத்து, ஹாஸ்டல் ரூமிலோ வீட்டிலோ காலை நீட்டி உட்கார்ந்திருக்கிற நேரத்தில் இது உங்கள் கைக்கு வந்தால் நல்லது. டியூட்டிக்குக் கிளம்புகிற அவசரத்தில் படிக்காதீர்கள், கோபம் வரும். நம் சம்பளத்தைப் பற்றியோ, ஒப்பந்தப் பணியைப் பற்றியோ, ஒருத்தி தலையில் முப்பது பெட்டைக் கட்டிவிடுவதைப் பற்றியோ நான் எழுத வரவில்லை. அதையெல்லாம் நீங்களே உரக்கச் சொல்கிறீர்கள், சொல்லவும் வேண்டும். நான் எழுதுவது உங்கள் பக்கத்தில் நிற்கிற ஒருவரைப் பற்றி. படித்துவிட்டு 'இவள் நம்மைக் குற்றம் சொல்கிறாள்' என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்படியானால் அந்தக் குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏறி நிற்பவள் நான்தான்.

33 வருடம் வார்டில் நின்றேன். கடைசிப் பன்னிரண்டு வருடம் இன்சார்ஜ். அதில் ஒரு ராத்திரியை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

ஆண்கள் மெடிக்கல் வார்டு. முப்பத்திரண்டு பெட், நானும் ஒரு ஜூனியரும். ஊர் பெயரும் ஆஸ்பத்திரி பெயரும் வேண்டாம். மறுவாரம் தரச்சான்று ஆய்வுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று மேலிடத்தில் பதற்றம். மூன்று மாதத்து ஃபைல்களில் விட்டுப்போன நேரங்களையும் கையெழுத்துகளையும் நிரப்பிக்கொண்டு இருந்தேன். (அதை எப்படி நிரப்புவோம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.) பத்தரை மணி இருக்கும், ஆயாம்மா கவுண்டர் முன்னால் வந்து நின்றார்.

"சிஸ்டர், ஏழாம் பெட் தாத்தா எப்பவும் போல இல்ல."

"என்ன செய்யுதாம்?"

"ஒண்ணும் சொல்லல. சாயந்திரம் காபிய வேணாம்னுட்டாரு. போர்வைய நுள்ளிக்கிட்டே கெடக்காரு. என்னப் பாத்து 'பஸ் வந்துருச்சா'ங்கிறாரு."

ஏழாம் பெட்டுக்கு எழுபத்து நான்கு வயது. சர்க்கரை, பக்கவாதம், கேதீட்டர் போட்டுப் பத்து நாள். ஜூனியரை அனுப்பினேன். பி.பி. 110/70. காய்ச்சல் இல்லை. 'ஆர்.ஆர். 20' என்று சார்ட்டில் ஏறியது. அந்த 20 எப்படி வருகிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நம் வார்டுகளில் இளைஞனும் கிழவரும், நிமோனியாவும் குடலிறக்கமும், எல்லாரும் நிமிடத்துக்கு இருபது தடவைதான் மூச்சு விடுகிறார்கள். நெஞ்சைப் பார்த்து எண்ணியவர் யார்?

பன்னிரண்டரைக்கு ஆயாம்மா மறுபடி வந்தார். "கை கால் சில்லுன்னு இருக்கு சிஸ்டர். மூத்திரப் பையி காலியா கெடக்கு. பத்து மணிக்கு நான் கொட்டுனதோட சரி." நான் ஃபைலிலிருந்து நிமிரவில்லை. "காலைல ரவுண்ட்ஸ்ல டாக்டர்கிட்ட சொல்லிக்கலாம் ஆயாம்மா, நீங்க போய் கொஞ்சம் கண்ணசந்துட்டு வாங்க" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன்.

நான்கு மணிக்கு அவர் ஓடி வந்தபோது பெரியவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டு இருந்தது. டாக்டரை எழுப்பி, ஐ.சி.யூ.வுக்கு மாற்றினோம். செப்டிக் ஷாக் என்று எழுதினார்கள். மூன்றாம் நாள் இறந்துபோனார். பத்தரைக்கே கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாரா? அந்த வயதுக்கும் அந்தச் சர்க்கரைக்கும் அதை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஐந்தரை மணி நேரம் என் கையில் இருந்தது, அதை நான் ஃபைலுக்குக் கொடுத்தேன்.

பிறகு ஒரு நாள் அந்தக் கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். நர்ஸஸ் நோட்ஸில் என் கையெழுத்து அழகாக இருக்கிறது. 'பேஷன்ட் ஸ்டேபிள். வைட்டல்ஸ் செக்டு.' ஆயாம்மா இரண்டு தடவை வந்து சொன்னதற்கு ஒரு வரிகூட இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஆல்டர்டு சென்சோரியம், கோல்டு பெரிஃபெரீஸ், ஆலிகூரியா என்று செப்சிஸுக்கு அடையாளம் கேட்டு, ஸ்டூடன்ட்ஸை வரிசையாக நிறுத்தி ஒப்பிக்க வைத்தவள் நான். அதே மூன்றையும் ஒரு பெண் தமிழில் என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். பஸ் வந்துவிட்டதா என்கிறார், கை கால் சில்லிட்டிருக்கிறது, மூத்திரப் பை காலி. இங்கிலீஷில் வந்திருந்தால் எழுந்து ஓடியிருப்பேன்.

இதை ஏதோ ஒரு நைட்டில் நடந்த தவறு என்று நான் நினைக்கவில்லை. நம் வார்டுகள் இப்போது ஓடுகிற விதத்திலேயே இந்த ஓட்டை இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

1990-இல் நான் வேலைக்கு வந்தபோது, உடம்பு துடைத்துவிடுவது, வாய் கழுவுவது, முதுகு பார்ப்பது எல்லாம் நர்ஸின் வேலை. காலை ரவுண்டில் எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் நோயாளியின் இடுப்புக்குக் கீழே தன் கையை விட்டுத் தடவிப் பார்ப்பார். தோல் சிவந்திருந்தால் அன்றைக்கு எங்களுக்கு அர்ச்சனை. ஆயாம்மாவுக்கு வேறு வேலை: பெட்பேன் கழுவ, காஸ் துணி வெட்ட, பஞ்சு உருட்ட, டிரம் கட்டி ஆட்டோகிளேவுக்கு அனுப்ப, ரத்த சாம்பிளை லேபுக்குக் கொண்டுபோக. நோயாளியைத் தொட அவர் எங்களைக் கேட்பார்.

இது எப்போது தலைகீழானது என்று தேதி சொல்ல முடியாது. எந்த ஆர்டரும் போட்டு மாற்றவில்லை. நமக்கு ஒரு ரெஜிஸ்டர் கூடியது, பிறகு இன்னொன்று, பிறகு கம்ப்யூட்டர், பில்லிங், இன்ஷூரன்ஸ் ஃபாரம், ஆடிட். நம் கை பேனாவுக்குப் போகப் போக, அவர் கை நோயாளிக்குப் போனது. இன்றைக்கு ஒரு வார்டில் ஆயாம்மாவோ, ஆண் உதவியாளரான எம்.என்.ஏ. தம்பியோ என்னென்ன செய்கிறார்கள் என்று ஒரு ஷிஃப்ட் மட்டும் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். ஸ்பாஞ்ச் பாத், டயப்பர், திருப்பிப் படுக்க வைப்பது, ரைல்ஸ் ட்யூபில் கஞ்சி விடுவது, யூரின் பையைக் கொட்டி எத்தனை மில்லி என்று நினைவில் வைத்துக்கொண்டு வந்து நம்மிடம் சொல்வது, ஆபரேஷன் முடிந்தவரை முதல் முறை எழுப்பி நடக்கவைப்பது, ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போவது, பல இடங்களில் சுகர் குத்திப் பார்ப்பதும் பி.பி. மெஷினைக் கட்டுவதும். கடைசியில், கண்ணை மூடிவிட்டு, தாடையைக் கட்டிவிட்டு, வெள்ளைத் துணி சுற்றுவது.

2020-இல் கொரோனா வார்டில் என்ன நடந்தது என்று நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அட்டெண்டர் யாரும் உள்ளே வர முடியாது. அந்த பி.பி.இ. உறைக்குள் வேர்த்து ஊற்றிக்கொண்டு, நோயாளியின் காதருகே செல்போனைப் பிடித்து மகளோடு பேசவைத்தது பெரும்பாலும் யார்? அப்போதுதான் மேலே இருப்பவர்களுக்கும் இந்தக் கைகளின் தேவை தெரிந்தது. 2021 ஜூன் 18-ஆம் தேதி ஒரு லட்சம் பேருக்கு அவசரப் பயிற்சி என்று மத்திய அரசு திட்டம் தொடங்கியது. ஹோம் கேர், பேசிக் கேர் என்று ஆறு வகை வேலைகள். நல்ல காரியம். ஆனால் எங்கள் வார்டில் பத்தொன்பது வருடமாக பேசிக் கேர் செய்துகொண்டிருந்த அம்மாவிடம், 'உனக்கு ஒரு சான்றிதழ் வேண்டுமா' என்று கேட்டு யாரும் வரவில்லை.

பெயர் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. ஆயா, வார்டு பாய் என்றது போய் நர்சிங் அசிஸ்டென்ட், ஜி.டி.ஏ., பேஷன்ட் கேர் அசிஸ்டென்ட், பல்நோக்குப் பணியாளர். புடவை போய் சட்டை பேன்ட் வந்தது, பிரவுன் கலர் மெரூன் ஆனது. சம்பளம் ஆஸ்பத்திரியிலிருந்து கான்ட்ராக்டர் கைக்குப் போனது. ஹேண்டிங் ஓவர் நடக்கும்போது அவர் நிற்கிற இடம் மாறவில்லை. அது அன்றும் கதவுக்கு வெளியே, இன்றும் கதவுக்கு வெளியே.

ஒரு சின்ன விஷயத்தைப் பக்கத்தில் நின்று பாருங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். படுத்த படுக்கையாக இருக்கிற ஒருவரைப் பழகிய ஆயாம்மா எப்படித் திருப்புகிறார் என்பதை. முதலில் பேசுவார். "ஐயா, இந்தப் பக்கம் ஜன்னலு, காத்து வருது, திரும்புவமா?" பிறகு தூரத்துக் காலை மடக்கி நிறுத்துவார். ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில். இழுக்க மாட்டார், உருட்டுவார். உருண்டதும் டிரா ஷீட்டைச் சுருக்கமில்லாமல் நீவுவார், ஏனென்றால் அந்தச் சுருக்கம்தான் நாளைக்குப் புண். அந்த அரை நிமிடத்தில் முதுகு, இடுப்பெலும்பு, குதிகால் மூன்றையும் கண்ணால் பார்த்துவிடுவார், டயப்பரின் வாடையைப் பிடித்துவிடுவார், கேதீட்டர் குழாய் தொடைக்கு அடியில் மாட்டியிருந்தால் எடுத்துவிடுவார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்ப வேண்டும் என்று நாம் சார்ட்டில் டிக் போடுகிறோம். அந்த டிக்குக்குப் பின்னால் இருக்கிற கண்ணுக்கு என்ன தெரிந்தது என்று எழுத அந்தச் சார்ட்டில் கட்டமே இல்லை.

அருணா ஷான்பாக்கைப் பற்றி நீங்கள் எல்லாரும் படித்திருப்பீர்கள். 1973-இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் தாக்கப்பட்டு நினைவிழந்த நர்ஸ். 2015 மே மாதம் இறக்கும்வரை, ஏறத்தாழ 42 வருடம், அதே மருத்துவமனை அவரைப் பார்த்துக்கொண்டது. படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்டார்கள் என்று நாடே வியந்தது. நம் தொழிலின் பெருமையாக அதை ஒவ்வொரு நர்ஸஸ் டே மேடையிலும் சொல்கிறோம். பெருமைதான், சந்தேகமில்லை. ஆனால் நர்ஸ் ஒருத்தி தனியாகவே இத்தனை வருடம் ஒருவரைத் திருப்பிக்கொண்டிருக்க முடியாது, கட்டிலின் மறுபக்கம் இன்னொரு ஜோடிக் கை வேண்டும் என்பதும் நமக்குத் தெரியும். அந்தக் கைகளை எந்த மேடையிலாவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

இன்னொன்று. கோபப்படாமல் கேளுங்கள். வெளிநாடு போக உங்களில் பாதிப் பேர் ஓ.ஈ.டி. ஆங்கிலத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள், மீதிப் பேர் ஜெர்மன் பி2. போங்கள், நன்றாக இருங்கள். இங்கே கொடுக்கிற சம்பளத்துக்கு 'இரு' என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அதனால் வார்டில் என்ன ஆகிறது? ஆறு மாதத்துக்கு ஒரு முறை முகங்கள் மாறுகின்றன. எந்த ஆக்சிஜன் பாயின்ட் லீக் ஆகும், எந்த டயாலிசிஸ் நோயாளி நான்காவது தடவையாக வருகிறார், போன தடவை எந்த மாத்திரைக்கு அவருக்கு உடம்பெல்லாம் தடித்தது, இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் அந்த ஆயாம்மாதான். வார்டின் நினைவு அவரிடம் இருக்கிறது.

போன இடத்திலிருந்து நம் பிள்ளைகள் எனக்குப் போன் செய்கிறார்கள். இங்கிலாந்துக்குப் போன ஒருத்தி சொன்னாள், ரெஜிஸ்ட்ரேஷன் வருகிறவரை அவளை ஹெல்த்கேர் அசிஸ்டென்ட்டாகத்தான் வைத்திருந்தார்களாம். இங்கே பெட்பேனைக் கண்டால் ஆயாம்மாவைக் கூப்பிட்ட பி.எஸ்சி. பிள்ளை, அங்கே மாதக்கணக்கில் பெட்பேன் தூக்கியிருக்கிறாள். "ஆனா மேம், நாங்க எடுக்கிற ரீடிங்க வெச்சுதான் ஸ்கோர் போடுறாங்க. எனக்குப் பயமா இருக்குன்னு சொன்னா நர்ஸ் உடனே வந்து பாக்குறாங்க" என்றாள். அங்கேயும் வானத்திலிருந்து இது இறங்கவில்லை. ஸ்டாஃபோர்டு ஆஸ்பத்திரியில் நோயாளிகள் கவனிப்பாரில்லாமல் கிடந்த கொடுமை வெளிவந்து, 2013-இல் விசாரணை அறிக்கைகள் வந்து, அதன்பிறகுதான் 2015-இலிருந்து உதவியாளர்களுக்கென்று ஒரு அடிப்படைச் சான்றிதழ் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் 1987-இல் போட்ட சட்டப்படி, முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வேலை பார்க்கிற நர்சிங் அசிஸ்டென்ட்டுக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும். நம் ஊரில்? சேர்கிற அன்றைக்கு யூனிஃபார்ம், மறுநாள் ஐ.சி.யூ.

இனி நீங்கள் சொல்லப்போவதை நானே சொல்லிவிடுகிறேன். இதே பேச்சை டீ ரூமில் நானும் பேசியவள்தானே.

'அவங்க காசு வாங்குறாங்க மேம்.' ஆமாம், வாங்குகிறார்கள். ஆண் குழந்தை பிறந்தால் ஒரு ரேட், பெண் குழந்தைக்கு ஒரு ரேட், ஸ்ட்ரெச்சர் தள்ள ஒரு ரேட். ஏழை வீட்டுக்காரர்கள் மடியிலிருந்து சுருட்டிய நோட்டைப் பிரித்துக் கொடுப்பதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன், பிடித்தபோது புகாரும் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நான் பார்த்தவரை, வாசலில் கை நீட்டுகிறவர்களும் ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் கூப்பிடாமலே எழுந்துபோய் நோயாளியின் காலைத் தொட்டுப் பார்க்கிறவர்களும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். நாம் இரண்டு பேரையும் 'இந்த ஆயாங்க' என்று ஒரே சொல்லில் கட்டிவிடுகிறோம். நல்லவருக்கு அதில் என்ன லாபம்?

'இடம் கொடுத்தா இன்ஜெக்‌ஷனே போட ஆரம்பிச்சுடுவாங்க.' இது நிஜமான பயம், இதை நான் லேசாகத் தள்ளவில்லை. சின்ன நர்சிங் ஹோம்களுக்குப் போய்ப் பாருங்கள், அது ஏற்கெனவே நடக்கிறது. எங்கோ ஒரு வருட கோர்ஸ் முடித்த பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு நம் யூனிஃபார்மையே மாட்டிவிட்டு, நம் சம்பளத்தில் பாதியோ கால்வாசியோ கொடுத்து, ஐ.வி. போடவைக்கிறார்கள். நோயாளி அவளையும் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறார். பொட்டாசியம் குளோரைடு ஆம்ப்யூலும் டிஸ்டில்டு வாட்டர் ஆம்ப்யூலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது எது எதென்று அந்தக் குழந்தைக்கு யார் சொல்லிக்கொடுத்தது? தப்பு நடந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகப்போவது முதலாளியா, அவளா? நம் பெயர் கவுன்சில் பதிவேட்டில் இருக்கிறது, 1926-ஆம் வருடத்துச் சட்டம் நமக்கு அந்தக் காப்பைக் கொடுத்தது. அவள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், கோடு எங்கே என்பதில் நாம் கறாராக இருக்க வேண்டும். மருந்து, ஊசி, ட்ரிப்ஸ் நம்முடையது. அதில் ஒரு சொட்டுகூட விட்டுக்கொடுக்கக் கூடாது. ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், பயிற்சி மருத்துவமனையில் மூன்று பேருக்கு ஒருத்தி என்று நர்சிங் கவுன்சில் வைத்த கணக்கை, 'உதவியாளர் இருக்காங்களே' என்று சொல்லிக் குறைக்க வருகிறவரை விரட்டவும் வேண்டும். ஆனால் பார்த்ததைச் சொல்வது ஊசி போடுவதல்ல. உதவியாளர் கையில் ஊசியைக் கொடுத்துவிட்டு அவர் வாயை மூடுவதுதான் இன்று நிர்வாகங்கள் செய்வது. நாம் கேட்க வேண்டியது அதற்கு நேர் எதிர்.

'டைம் எங்க மேம் இருக்கு?' இதற்கு என்னிடம் பதில் ஒன்றுதான். ஏழாம் பெட் அன்றைக்கு என்னிடம் கேட்டது ஒரு நிமிடம்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன், ஆனால் நீங்கள் சுருக்கமாக விட்டுவிடாதீர்கள். நாம் அவசரத்தில் கிட்னி ட்ரேயில் போட்டுவிட்டுப் போகிற ஊசி குத்துவது அவர் கையில்தான். தடுப்பூசி போடாதவருக்கு, தொற்று வீரியமாக உள்ள ரத்தம் பட்ட ஊசியால் ஹெபடைடிஸ் பி வருகிற வாய்ப்பு நூற்றுக்கு முப்பதுவரை போகும். எச்.ஐ.வி.க்கு அது ஆயிரத்துக்கு மூன்று. நாம் எச்.ஐ.வி.க்கு மட்டும் பயப்படுகிறோம். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் தெளிவாகச் சொல்கின்றன, கழிவைக் கையாள்கிற ஒவ்வொருவருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசியும், சேரும்போதும் வருடத்துக்கு ஒரு முறையும் பயிற்சியும் ஆஸ்பத்திரி கொடுத்தாக வேண்டும். கான்ட்ராக்டர் ஆள் என்று தள்ள அந்த விதியில் இடமில்லை. உங்கள் வார்டு ஆயாம்மாவிடம் 'மூணு டோஸும் போட்டாச்சா' என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் வார்டில் நான் கேட்டபோது, "அது நர்ஸுங்களுக்குத்தானே சிஸ்டர்" என்றார்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

ஹேண்டிங் ஓவரில் ஆயாம்மாவையும் உங்களோடு பெட் பெட்டாக நடக்கவையுங்கள். ஒவ்வொரு பெட்டிலும், நீங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்ததும், அவர் பக்கம் திரும்பி, "நீங்க என்ன பாத்தீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை, அவர் சொன்ன வார்த்தையிலேயே, தமிழிலேயே, மணி போட்டு நர்ஸஸ் நோட்ஸில் எழுதுங்கள். 'காபி வேண்டாம் என்றார், போர்வையை நுள்ளுகிறார் – உதவியாளர் கூறியது, 10.30.' இவ்வளவுதான். இதற்கு எம்.டி.யின் ஆர்டர் வேண்டாம், கமிட்டி வேண்டாம், பட்ஜெட் வேண்டாம். ஆஸ்பத்திரியில் எதுவும் நம் கையில் இல்லை என்று புலம்புகிறோமே, ஹேண்டிங் ஓவர் இன்னும் நம் கையில்தான் இருக்கிறது.

கூடவே ஒரு வேலை. அவருக்கு மூச்சை எண்ணக் கற்றுக்கொடுங்கள். நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுதாகப் பார்க்கவேண்டும், நோயாளிக்குத் தெரியாமல் பார்க்கவேண்டும். கடிகார முள் பார்க்கத் தெரிந்தால் போதும். 24, 25 என்று போனால் உடனே வந்து சொல்லச் சொல்லுங்கள். நாம் எழுதுகிற பொய் 20-ஐவிட அவர் எண்ணுகிற நிஜ 26 நோயாளிக்கு நல்லது.

சூப்பரின்டெண்டென்ட்டாக இருக்கிற சிஸ்டர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். பல இடங்களில் ஆயாம்மாக்களின் ஷிஃப்ட் ஆறு மணிக்கு முடிகிறது, நம் ஷிஃப்ட் ஏழரைக்கு மாறுகிறது. நாம் ஹேண்டிங் ஓவர் எடுக்கும்போது ராத்திரி முழுக்கப் பார்த்தவர் பஸ் ஏறிப் போய்விட்டிருப்பார். கான்ட்ராக்டரோடு பேசி, இரண்டையும் கால் மணி நேரமாவது ஒன்றன்மேல் ஒன்று விழும்படி செய்யுங்கள். அந்தக் கால் மணிக்குச் சம்பளமும் கேட்டு வாங்கிக்கொடுங்கள். சும்மா நிற்கச் சொல்லாதீர்கள்.

நம் சொந்தக் கதையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் நர்சிங் பயிற்சி தொடங்கியது 1871-இல். நூறு வருடத்துக்கு மேல் கழிந்து நான் வந்தபோதும் ரவுண்ட்ஸில் ட்ரேயைப் பிடித்துக்கொண்டு டாக்டர் முதுகுக்குப் பின்னால்தான் நின்றேன். ராத்திரியெல்லாம் பார்த்தவள் நான், அவர் கேட்பது ஹவுஸ் சர்ஜனை. எவ்வளவு கொதித்தோம்! 'எங்களுக்கும் கண் இருக்கிறது' என்று எத்தனை பேரிடம் சண்டை போட்டோம். இன்றைக்கு அதே சொல்லை இன்னொருத்தி வெளியே நின்று, சத்தமில்லாமல் நம்மைப் பார்த்துச் சொல்கிறாள்.

ரிட்டையர் ஆவதற்கு முந்தைய இரண்டு மாதம் என் வார்டில் இதைச் செய்து பார்த்தேன். முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஆயாம்மா சுவரோடு சுவராக நின்று, "நல்லாருக்காங்க சிஸ்டர், எல்லாரும் நல்லாருக்காங்க" என்பார். ஜூனியர் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பத்தாவது நாளோ என்னவோ, பன்னிரண்டாம் பெட் அருகே போனபோது நான் கேட்காமலே ஒரு அடி முன்னால் வந்தார். "இந்த ஐயாவுக்குக் குதிகால்ல தோலு பளபளன்னு இருக்கு. நேத்து இல்ல." போர்வையை விலக்கிப் பார்த்தோம். சிரித்த பிள்ளைதான் முதலில் குனிந்து பார்த்தது. அன்றைக்கே தலையணை வைத்துக் காலைத் தூக்கி வைத்தோம், புண் வரவில்லை. அதன்பிறகு அவர் கதவுக்கு வெளியே நிற்கவில்லை. நான் ரிட்டையர் ஆகி வந்த பிறகு அந்தப் பழக்கம் நின்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். புதிய இன்சார்ஜுக்கு ஃபைல் வேலை அதிகமாம்.

இந்த மடலில் அவர் பெயரைப் போடலாமா என்று போனில் கேட்டேன். "வேணாம் சிஸ்டர், கான்ட்ராக்டு ரினிவலு வருது" என்றார்.

இன்றைக்கு ராத்திரி நீங்கள் டியூட்டி எடுக்கும்போது, முதல் பெட்டுக்குப் போவதற்கு முன்னால் வாசல் பக்கம் திரும்பிப் பாருங்கள். மாப்போ, லினன் மூட்டையோ கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நீங்கள் முடிப்பதற்காகக் காத்துக்கொண்டு நிற்பார். அதைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வரச் சொல்லுங்கள்.

உங்கள்
பழைய இன்சார்ஜ் சிஸ்டர்